குவாலியரில் கிளியோடு இறங்கினேன்

பிரபு,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் படிக்க நேரம் பிடிக்கும் என்று தெரியும். எழுத்துக் கூட்டி, நடுவில் நின்று, மறுபடி வரியின் முதலிலிருந்து ஆரம்பிப்பாய். அப்படித்தான் இதைப் படிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இங்கிலீஷில் போட்டால் மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். ஐந்து மாதமாக என் வயிற்றில் எரிந்துகொண்டிருப்பதை அந்தக் கட்டைவிரலிடம் கொட்ட எனக்கு இஷ்டமில்லை. ஆபீசில் யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லலாம் என்றும் நினைக்காதே. இதில் இருப்பதை வெளியாள் வாசித்தால் தலை குனியப்போவது நீதான்.

கார்த்திகையில் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்கு அம்மா எழுதுகிற கடிதம் ஆசீர்வாதமாக இருக்க வேண்டும் என்பார்கள். ஆசீர்வாதம் என்னிடம் இருக்கிறது, அது எங்கேயும் போகவில்லை. அதற்கு முன்னால் இந்தக் கோபத்தை நீ வாங்கிக்கொள்ள வேண்டும். உன் நிச்சயதார்த்தத்துக்கு உன்னைப் பெற்றவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சென்னையில் இருக்கிற அத்தனை சொந்தக்காரருக்கும் ஒரு கதை தெரியும். உண்மையில் அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

முதலில் சோட்டுவைப் பற்றி. எனக்குக் கிளி பிடிக்காது. இப்போதும் பெரிதாகப் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நீ குர்காவ்னில் முதல் வேலையில் சேர்ந்து, முதல் போனஸ் வந்ததும் ஒரு கூண்டைத் தூக்கிக்கொண்டு டெல்லியில் நம் முனிர்கா வீட்டுக்குள் நுழைந்தாய். சாம்பல் நிற உடம்பு, சிவப்பு வால், மிளகு மாதிரி கண். "ஆப்பிரிக்காக் கிளிம்மா, லைசென்ஸ் இருக்கிறவங்ககிட்டதான் வாங்கினேன், பேசும்" என்றாய். எட்டு மாதம் அதோடு கொஞ்சினாய். அப்புறம் சென்னையில் வேலை கிடைத்தது. "ரெண்டே மாசம்மா, வீடு பார்த்ததும் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாய். ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இந்த ஐந்து வருஷத்தில் அதன் எச்சத்தை வழித்ததும், விடிகாலையில் அது போடுகிற குக்கர் விசில் சத்தத்துக்கு எழுந்து ஓடியதும், திரைச்சீலையைக் கடித்துக் குதறினால் மாற்றியதும், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் எனக்குக் கறிவேப்பிலை வாங்கும்போது அதற்குக் குடைமிளகாயும் மாதுளையும் வாங்கியதும் நான்தான். நீ வீடியோ காலில் வந்து "ஹாய் சோட்டு" என்று கை ஆட்டுவாய். அது உன்னை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு என் தோளுக்கு ஏறிவிடும்.

உனக்கு மனைவியாகப் போகிற நிவேதா, நீ அதோடு கொஞ்சிய பழைய வீடியோவைத்தான் பார்த்திருக்கிறாள். நீ அவளிடம் என்ன சொல்லியிருக்கிறாய் என்று எனக்கு அப்போது தெரியாது. "கையில் ஊட்டி வளர்த்தேன், அது என்னைத் தவிர யாரிடமும் போகாது" என்றாயாம். அந்தப் பெண் ஆசைப்பட்டாள். நிச்சயத்தன்று சோட்டுவும் மண்டபத்தில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டாய். வாக்குக் கொடுத்தது நீ. சுமக்க வேண்டியது நான். உங்கப்பா ஒரு வாரம் முன்னாலேயே சென்னையில் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டார், மண்டபம் சமையல் என்று ஆயிரம் வேலை இருந்தது. நான் தனியாகக் கிளியோடு ரயில் ஏற வேண்டும்.

நான் உன்னிடம் எத்தனை தடவை கேட்டேன் என்று யோசித்துப் பார். ரயிலில் பறவையை நம்மோடு வைத்துக்கொள்ள விடுவார்களா என்று கேட்டேன். மே மாச வெயிலில் அது தாங்குமா என்று கேட்டேன். "அம்மா, டென்ஷனே ஆகாத. பெர்மிஷன் எல்லாம் எடுத்தாச்சு. போன்ல அனுப்பியிருக்கேன். டி.டி.இ. கேட்டா காட்டு, அவ்வளவுதான்" என்றாய். கூண்டைத் துணி போட்டு மூடியே வைத்துக்கொள், ஏசி காற்று நேராகப் படக்கூடாது என்றும் சொன்னாய். என் பிள்ளைக்குப் பறவை மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துப் பூரித்துப்போனேன். காற்றுக்காக அல்ல, அடுத்தவர் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அந்தத் துணி என்று புரிய எனக்கு ஆக்ரா வரை போக வேண்டியிருந்தது.

மத்தியானம் வண்டி கிளம்பியது. என் எதிர் சீட்டில் ஜான்சிக்குப் போகிற ஒரு தம்பதி. மதுரா தாண்டினதும் டி.டி.இ. வந்தார். நான் டிக்கெட்டை நீட்டிக்கொண்டிருக்கும்போதே துணிக்குள்ளிருந்து குக்கர் விசில் அடித்தது. மூன்று விசில். எதிர் சீட்டு அம்மாள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே துணியைத் தூக்கிப் பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "பர்மிஷன் ஹை, பையா", அனுமதி இருக்கிறது அண்ணா, என்று போனை எடுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். அப்புறம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, மெதுவான குரலில், "மாதாஜி, இது அனுமதி இல்லை. அனுமதி வேணும்னு உங்க பையன் எழுதின மெயில். இதுக்கு யாரும் பதில் போடல" என்றார்.

என் வயசு என்ன பிரபு? முப்பத்து மூன்று வருஷம் மத்திய சர்க்கார் ஆபீசில் ஃபைல் பார்த்தவள் நான். மனுவுக்கும் உத்தரவுக்கும் வித்தியாசம் தெரியாதவள் இல்லை. நீ அனுப்பியதை நான் திறந்தே பார்க்கவில்லை. பிள்ளை சொன்னால் போதும் என்று இருந்துவிட்டேன். அந்தப் பெட்டியில் அத்தனை பேர் பார்க்க, பொய்க் காகிதம் காட்டியவளாக நான் உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. "பறவைன்னா லக்கேஜ் வேன்லதான் போகணும், அதான் ரூல். பணம் கட்டிடுங்க, ஆக்ராவுல மாத்திடலாம்" என்றார். குவாலியர் வரை பொறுங்கள், என் பிள்ளையிடம் பேசிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். பொறுத்தார்.

உனக்குப் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். கட் பண்ணிவிட்டு 'மீட்டிங், ஐந்து நிமிஷம்' என்று அனுப்பினாய். வண்டி ஆக்ராவில் நின்றது, கிளம்பியது. தோல்பூர் தாண்டி, சம்பல் பள்ளத்தாக்கு மேடும் குழியுமாக ஓடிக்கொண்டிருந்தபோது நீயே கூப்பிட்டாய். நான் நடந்ததைச் சொன்னேன். "அட, கைல ஏதாவது குடுத்துப் பாத்தியாம்மா?" என்றாய். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றேன். "அப்ப லக்கேஜ் வேன்ல போட்ரு. ஒண்ணும் ஆகாது. பறவைதானே, காட்டுல வெயில்ல இருக்கிறதுதானே" என்றாய். ஐந்து வருஷமாக அது காட்டில் இல்லை, என் சமையலறையில் இருக்கிறது என்றேன். அப்போது நீ சொன்ன வார்த்தையை நான் மறக்க மாட்டேன். "அம்மா, ரொம்ப யோசிக்காத. ரிஸ்க்னு தோணிச்சுன்னா குவாலியர்ல யார்கிட்டயாவது குடுத்துட்டு வா. நிவேதாவுக்கு வேற ஒண்ணு வாங்கிக்கலாம். அவளுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?"

கோபம் எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. அது வெறும் கிளிக்காக வந்த கோபம் இல்லை. 'அவளுக்கு வித்தியாசம் தெரியவா போகுது' என்றாயே, கட்டிக்கொள்ளப் போகிறவளைப் பற்றி, அதற்காக.

குவாலியரில் வண்டி நின்றதும், நான் உடனே இறங்கி ஓடிவிடவில்லை. நீ நினைக்கிற மாதிரி வீம்பு பிடித்தவள் இல்லை நான். கூண்டைத் தூக்கிக்கொண்டு, டி.டி.இ. வழி காட்ட, பிளாட்ஃபாரத்தின் கடைசி வரை நடந்து அந்த லக்கேஜ் வேனைப் பார்த்தேன். கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்தது மாதிரி முகத்தில் அடித்தது. சாக்கு கட்டிய மோட்டார் சைக்கிள்கள், மூட்டைகள், பெட்ரோல் வாடை. ஜன்னல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மறுநாள் ராத்திரி வரை அதில் போக வேண்டும். நடுவில் நாக்பூர் பக்கத்து வெயில் வேறு. நான் துணியைத் தூக்கி சோட்டுவைப் பார்த்தேன். அது வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இறக்கையை உடம்பில் ஒட்டாமல் விரித்து வைத்திருந்தது. எப்போதும் வாய் ஓயாத ஜீவன், ஒரு சத்தம் இல்லை. "நான் இறங்கிக்கறேன்" என்றேன். டி.டி.இ.யே பெட்டிக்கு ஓடி, எதிர் சீட்டுக்காரர் கை கொடுக்க, என் சூட்கேஸை இறக்கி வைத்தார். வண்டி போய்விட்டது. நிச்சயதார்த்தத்துக்கு இடையில் ஒரு பகல்தான் இருந்தது. நான் தெரியாத ஊரில் ஒரு சூட்கேஸோடும் கூண்டோடும் நின்றுகொண்டிருந்தேன். இறங்கிவிட்டேன் என்று உனக்கு ஒரு மெசேஜ் மட்டும் போட்டேன்.

அந்தச் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு எதிரில் மூன்று லாட்ஜில் என்னை உள்ளே விடவில்லை. தனியாக வந்த பொம்பளை, கையில் கிளி. நான்காவது இடத்தில் இருந்த பெண்மணி, "அது கத்தாதுல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஏசி அறை கொடுத்தாள். நான் துண்டை நனைத்துப் பிழிந்து கூண்டைச் சுற்றிக் கட்டினேன். விரல் நுனியால் தண்ணீர் தெளித்தேன். வெள்ளரிக்காய் வாங்கி நறுக்கி நீட்டினால் அது தலையைத் திருப்பிக்கொண்டது. காலையில் கண் விழித்தபோது கூண்டுக்கு அடியில் பஞ்சு பஞ்சாகச் சாம்பல் இறகு. மார்பில் கோலிக்குண்டு அளவுக்கு இடத்தைத் தானே பிய்த்து வெறும் தோலாக்கியிருந்தது. எனக்குக் கிளி பிடிக்காது என்றேன் அல்லவா? அந்தக் கட்டிலில் உட்கார்ந்து நான் அழுதேன்.

அப்போதும் நான் உன் நிச்சயத்துக்கு வருவதாகத்தான் இருந்தேன். இதை நீ கவனித்துப் படி. காலையிலேயே ஒரு காரைப் பேசிக்கொண்டு டெல்லிக்குத் திரும்பினேன். வழியிலேயே பறவை டாக்டருக்குப் போன் செய்தேன். அந்த டாக்டர் பெண், "கொண்டுவந்து இங்கேயே விடுங்க ஆன்ட்டி, நாலு நாள் நான் பாத்துக்கறேன்" என்றாள். சாயங்கால விமானத்தில் ஏறினால் நிச்சயத்துக்கு வந்துவிடலாம். சந்தோஷமாக உனக்குப் போன் செய்து, டிக்கெட் போடு என்றேன்.

"இனிமே நீ வந்தா சரிப்படாதும்மா" என்றாய்.

ஏன் என்றேன்.

"நேத்து நைட்டே அவங்க வீட்ல சொல்லிட்டேன். உனக்கு டெங்கு, ஆஸ்பத்திரில அட்மிட் பண்ணியிருக்குன்னு. இப்ப நீ நல்லா வந்து நின்னா எனக்குத்தான் அசிங்கம்."

மே மாசத்தில் டெங்கு! டெல்லியில் பிறந்து வளர்ந்தவனுக்கு மழை முடிந்துதான் டெங்கு வரும் என்றுகூடத் தெரியாதா? பொய் சொல்வதிலாவது ஒரு கவனம் வேண்டாமா? கிளியை விட்டுவர மனசில்லாமல் அம்மா இறங்கிவிட்டாள் என்று சொல்வது உனக்கு அவமானம். பெற்றவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பது அவமானம் இல்லை. இரவோடு இரவாகச் சொல்லி முடித்துவிட்டாய். என்னைக் கேட்டாயா? அம்மா எப்படி இருக்கிறாய், எங்கே படுத்தாய், சாப்பிட்டாயா என்று ஒரு போன் செய்தாயா? நான் அந்த லாட்ஜில் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுப் படுத்திருந்தபோது, நீ சம்பந்தி வீட்டில் என் பிளேட்லெட் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய்.

நான் வரவில்லை. சோட்டுவை டாக்டரிடம் காட்டி, ஊசி போட்டு, வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். மறுநாள் என் பிள்ளையின் நிச்சயதார்த்தத்தைப் போனில் பார்த்தேன். நான் நிற்க வேண்டிய இடத்தில் உன் பெரியம்மா நின்று தட்டு மாற்றினாள். உங்கப்பா பட்டு வேட்டியில், யார் கேட்டாலும் "இப்பத் தேவலை, தேவலை" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் ஊர் திரும்பியதும் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் தானே காபி போட்டுக் கொண்டுவந்து வைத்து, "சபைல பிள்ளையை விட்டுக்குடுக்க முடியலடி" என்றார். என்னை மட்டும் விட்டுக்கொடுக்க முடிந்ததா என்று கேட்டேன். அவர் முகத்தில் வெட்கம் இருந்தது. உன் முகத்தில் அதை நான் இன்னும் பார்க்கவில்லை.

நிச்சயம் முடிந்த சாயங்காலமே நிவேதா கூப்பிட்டாள். "அத்தை, எப்படி இருக்கீங்க? பிளேட்லெட் ஏறிச்சா?" என்றாள். அழுத குரல். நீங்கள் இல்லாமல் எனக்கு நிச்சயம் நிச்சயமாகவே இல்லை என்றாள். அந்த நிமிஷத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நல்ல நாளும் அதுவுமாக அந்தப் பெண்ணை உடைக்க வேண்டாம் என்று, "இப்பப் பரவாயில்லம்மா" என்றேன். உன் பொய்க்கு நான் கால் கொடுத்தேன். அதன் பிறகு பத்து நாள் அவள் தினமும் கேட்டாள், நான் தினமும் தேறினேன். ஒரு பொய்யைக் காப்பாற்றுவது எவ்வளவு அலுப்பான வேலை என்று எனக்கு அந்தப் பத்து நாளில் தெரிந்துபோயிற்று. நீ எப்படி இதை வருஷக்கணக்கில் செய்கிறாய்?

இந்தத் தடவை கல்யாணத்துக்காக நாங்கள் இரண்டு மாதம் சென்னையில் தங்க வேண்டும். சோட்டுவை இங்கே விட ஆள் இல்லை. ஆள் இருந்தாலும், டெல்லித் தீபாவளிப் புகையும் வெடிச்சத்தமும் அதற்கு ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் கூட்டிக்கொண்டுதான் வருகிறோம், காரில், தீபாவளிக்கு முன்னாலேயே. எப்படி என்று கேள். ஒரு உயிரைத் தூர இடத்துக்குக் கொண்டுபோவது எப்படி என்று நீ ஒருநாள் தெரிந்துகொள்ள வேண்டும். நாளைக்கு உனக்கும் பிள்ளை குட்டி பிறக்கும்.

பெரிய கூண்டில் கொண்டுபோகக் கூடாது, பிரேக் போட்டால் அடிபடும். சின்னக் கூண்டு, தாழ்வான குச்சி, கீழே துணி. அந்தச் சின்னக் கூண்டை முதலில் ஹாலில் சும்மா திறந்து வைத்தோம். பத்து நாள் அது கிட்டேயே வரவில்லை. அப்புறம் ஒரு வேர்க்கடலைக்காக உள்ளே போனது. நாங்கள் கதவைச் சாத்தவில்லை. அடுத்த வாரம் ஒரு நிமிஷம் சாத்தினோம். பிறகு காரில் வைத்து, பெல்ட் போட்டு, கார் கிளம்பாமல் சும்மா உட்கார்ந்திருந்தோம். உங்கப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நான் பின்சீட்டில், நடுவில் அது. தெருவில் போகிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் முனிர்காவுக்குள் ஒரு சுற்று, அப்புறம் ஐ.என்.ஏ. வரை, அப்புறம் ஆக்ரா ரோட்டில் பாதி தூரம் போய்த் திரும்பினோம். முதலில் நடுங்கியது. இப்போது காரில் ஏறியதும் விசில் அடிக்கிறது. தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் சிந்தி நனையும், அதனால் வெள்ளரியும் ஆப்பிளும். பகலில் மட்டும் ஓட்டம், இருட்டுவதற்குள் தங்கல். ஜன்னல் திறந்திருக்கும்போது கூண்டைத் திறக்கவே கூடாது. டாக்டரின் சான்றிதழ், பதிவுக் காகிதம் எல்லாம் என் கைப்பையில், அசலாக. துணி மூன்று பக்கம் மட்டும்தான் போடுவோம். ஒரு பக்கம் திறந்தே இருக்கும், அது நம்மைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும், தான் எங்கே போகிறோம் என்று அதற்குத் தெரிய வேண்டும். மார்பில் இறகு மறுபடி முளைத்துவிட்டது. நாலு மாதம் ஆயிற்று. நீ ஒரு நாளில் முடிக்கப் பார்த்த வேலை.

இதையெல்லாம் போனில் நிவேதாவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த விஷயம் வெளியே வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை. கார் பயணம் உங்களுக்கு முதுகு வலிக்காதா அத்தை என்று கேட்டவள், பேச்சோடு பேச்சாக, "அம்மாவுக்குத்தான் முழங்கால் வீக்கம் இன்னும் வத்தல" என்றாள். ஏன், என்ன ஆச்சு என்றேன். "உங்களுக்கு டெங்கு சரியாகணும்னு திருத்தணிக்கு வேண்டிக்கிட்டாங்க. ஆடிக் கிருத்திகைக்குப் படி ஏறிப் போய் வந்தாங்க. டாக்டர் படியே ஏறக்கூடாதுன்னு சொல்லியிருந்தார், கேக்கல. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க."

பிரபு, அந்த அம்மாள் என்னைப் பார்த்ததுகூட இல்லை. எனக்கு வராத வியாதிக்காக, தேய்ந்துபோன முழங்காலோடு, அந்தக் கூட்டத்தில், அத்தனை படியும் ஏறியிருக்கிறாள். நீ எட்டு மாதத்தில் அலுத்துப்போன ஒரு பறவையைப் பற்றி ஜம்பம் அடித்ததில் ஆரம்பித்தது, இன்னொருத்தியின் காலில் போய் முடிந்திருக்கிறது. அதற்கு மேல் என்னால் ஒரு வார்த்தை நடிக்க முடியவில்லை.

"நிவேதா, எனக்கு டெங்கு வரவே இல்லம்மா" என்றேன்.

"என்ன அத்தை?"

"வரவே இல்ல. ஆஸ்பத்திரிக்கும் போகல."

"அப்ப நிச்சயத்தப்ப எங்க இருந்தீங்க?"

"முந்தின நாள் காலைல வரைக்கும் குவாலியர்ல ஒரு லாட்ஜ்ல இருந்தேன், கிளியோட. அன்னிக்கு வீட்லதான் இருந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். நான் அவளிடம் சொன்ன பொய்களையும் சேர்த்துத்தான் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "டெங்குன்னு சொன்னது யாரு?" நான் உன் பெயரைச் சொன்னேன். போனை வைத்துவிட்டாள். அன்றைக்கு இரவு எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தோம். உங்கப்பா, "சொல்லியிருக்க வேண்டாமோ" என்று ஒரு தடவை ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள். குரல் தெளிவாக இருந்தது. "நீங்க என்னைக்கு கார்ல கிளம்பறீங்க?" என்றாள். அடுத்த ஞாயிறு என்றேன். "எனக்கு இடம் இருக்குமா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "நான் லீவு போட்டுட்டு வெள்ளிக்கிழமை டெல்லி வரேன் அத்தை. உங்களோடயே கார்ல திரும்பறேன். நாலு நாள் ஆகும்ல? எனக்கு அவரைப் பத்திக் கேக்கணும். அவர் சொன்னதுல எது நிஜம், எது இல்லன்னு எனக்கு இப்பத் தெரியல. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்றேன். அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

அம்மாவிடம் சொல்லிவிட்டாயா என்று அவளைக் கேட்டேன். "இல்ல. அதை நான் சொல்ல மாட்டேன். அவர்தான் சொல்லணும்" என்றாள். அப்புறம், "எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லாதீங்க, அவரா சொல்றாரான்னு பாக்கணும்" என்றாள். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. மறைத்தது போதும், நான் அவனுக்கு எழுதத்தான் போகிறேன் என்றேன். "சரி, எழுதுங்க. தெரிஞ்ச பிறகும் அவர் என்ன பண்றார்னு பாக்கறேன்" என்றாள். அவளுக்கு வித்தியாசம் தெரியாது என்றாயே, பார்த்தாயா?

காரில் முன்சீட்டில் டிரைவரோடு உங்கப்பா. பின்சீட்டில் நானும் அவளும், நடுவில் சோட்டு. ஜான்சி, நாக்பூர், ஐதராபாத் என்று நாலு நாள். அவள் கேட்பாள், நான் பதில் சொல்வேன். எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ரெண்டே மாசம் என்று சொன்னதைச் சொல்வேன். உங்கப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது வருகிறேன் வருகிறேன் என்று கடைசியில் பூங்கொத்து அனுப்பியதைச் சொல்வேன். நல்லதும் சொல்வேன். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, நீங்கள் ஆடிய பந்து கீழ்வீட்டு சர்தார்ஜியின் கார்க் கண்ணாடியை உடைத்தது. அத்தனை பையன்களும் மாயமாய் மறைந்தார்கள். நீ மட்டும் பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் காருக்குப் பக்கத்திலேயே, அவர் ஆபீசிலிருந்து வரும்வரை நின்றாய். அடித்தது நீ இல்லை என்று எனக்கு மறுநாள்தான் தெரியும். ஏன்டா நின்றாய் என்று கேட்டதற்கு, "யாராவது ஒருத்தர் நிக்கணும்லம்மா" என்றாய். அதையும் அவளிடம் சொல்வேன். அதைச் சொல்லும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு விமானம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உனக்கு இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். நிவேதாவின் அம்மா வீட்டில்தான் இருப்பாள், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எங்கே போகப்போகிறாள்? வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போ. அவள் எதிரில் தரையில் உட்கார். எனக்கு வியாதி இல்லை, நீ சொன்னது பொய் என்று உன் வாயால் சொல். அவள் அடித்தால் வாங்கிக்கொள். அழுதால் கூட இரு. மன்னிக்க மாட்டேன் என்றால் அதையும் கேட்டுக்கொண்டு வா. அதன் பிறகு கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது அந்த இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது. என்னிடம் வந்து சமாதானம் பேசாதே, உங்கப்பாவைத் தூது விடாதே.

போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். பண்ணாதே. போ.

அம்மா